காப்பி குடிக்க வந்த பாதை

கார்த்திகை பிறந்து முதல் உறைபனி விழுந்த காலையில், தவளைப்பாறையிலிருந்து மொட்டையாண்டி உச்சிக்கு ஏறி, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் கடம்பன்குடிசை வரை இறங்குகிற எங்கள் ஒற்றையடிப் பாதை, மலையை விட்டு எழுந்து, தன் கற்களையும் வேர்களையும் வளைவுகளையும் சுருட்டிக்கொண்டு, யாரோ எந்தக் காலத்திலோ போட்ட சிமெண்டு பெஞ்சையும் ‘குப்பை போடாதீர்’ பலகையையும் கூடவே இழுத்துக்கொண்டு, தன்மேல் நடந்துகொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேரை இறக்கிவிடவும் மறந்து, ஊருக்குள் வந்து என் காப்பிக்கடை அடுப்புக்கு எதிரே சுருண்டு உட்கார்ந்தது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களை முதலில் என்ன கேட்பேனோ அதையே இதையும் கேட்டேன்.

“பால் காப்பியா, சுக்குக் காப்பியா?”

பாதையின் ஓரத்திலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு சுக்கு டப்பாவின் பக்கம் போய் நின்றது. குளிரில் வருகிறவர்கள் எல்லாரும் சுக்குதான் கேட்பார்கள், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கருப்பட்டி தட்டிப் போட்டு ஒரு சொம்பு நிறைய ஊற்றினேன். சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டு, இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.

பாதை எப்படியம்மா வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வந்த விருந்தாளியை ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று வாசலில் நிறுத்தி விசாரிப்பது உங்கள் ஊர்ப் பழக்கமாக இருக்கலாம். பனிக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருகிற எவரையும் தவளைப்பாறையில் அப்படிக் கேட்க மாட்டோம். அடுப்பண்டை இடம் கொடுப்போம், சூடாக ஏதாவது கொடுப்போம், அவர்களாக எழுந்து “போய்ட்டு வாரேன்” என்று சொல்லும்வரை, எப்போது கிளம்புகிறாய் என்று வாய் தவறியும் கேட்க மாட்டோம். கேட்ட வீட்டில் அந்த வருஷம் பூண்டு விளையாது. ஒரு தடவை பெரியதனம் சுருளியப்பன் தன் மைத்துனனிடம் கேட்டுவிட்டார் (ஊர்த் தலைவரை நாங்கள் பெரியதனம் என்றுதான் சொல்வோம்). அந்த வருஷம் அவர் தோட்டத்துப் பூண்டெல்லாம் உள்ளே பல்லே இல்லாமல் வெறும் தோலாக வந்தது. மைத்துனன் அந்த அதிசயத்தைப் பார்ப்பதற்காக மேலும் ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனான்.

ஆனாலும் பாதை ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். என் தம்பி அங்குத்துரை கூப்பிட்டான், வந்தது.

மலையிலிருந்து இறங்குகிற எங்கள் ஊர்க்காரர்கள், கடைசிக் கல்லைத் தாண்டி ஊர் மண்ணில் கால் வைத்ததும் ஒரு தரம் பாதையைத் திரும்பிப் பார்த்து, “நீயும் வாயேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார்கள். இவ்வளவு தூரம் கூட வந்ததைப் பனியில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் அடுப்படிக்குப் போவது மரியாதை இல்லை என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. சாப்பிடும்போது தெருவில் போகிறவரைப் பார்த்து “வாங்க, சாப்பிடலாம்” என்கிறோமே, அதுபோலத்தான்; அவர் நிஜமாகவே உள்ளே வந்து இலை போடச் சொன்னால் நம் கதி என்ன? அதனால் தலைமுறை தலைமுறையாக வாய்க்குள்ளேயே முனகிவிட்டு நடையைக் கட்டுவோம், பாதையும் குறிப்பறிந்து கண்ணியமாக இருந்த இடத்திலேயே கிடக்கும். அங்குத்துரைதான் கெடுத்தான். அதற்கு முந்தின நாள் கல்யாணம் நிச்சயமாகி இறங்கி வந்தவனுக்கு மனசு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டி, என்னைக்கூட ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டிருக்கிறான்.

“பாவம், இந்தக் குளிர்ல வெறும் ஒடம்போட கெடக்குறியே. நீயும் வாயேன். எங்க அக்கா கடையில சூடா ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

அது ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் வந்துவிட்டது.

அங்குத்துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து மலையேற வருகிறவர்களை உச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் தொழில். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். நல்லவன், அதுதான் அவனுக்கு இருக்கிற ஒரே கெட்ட குணம். எங்கள் பக்கத்தில் கடம்பன்குடிசைப் பெண்ணை எடுத்தால், பெண்வீட்டார் பெண்ணை அந்தப் பக்கமாக உச்சிக்கு அழைத்து வருவார்கள். நாங்கள் எங்கள் வீட்டு அடுப்பு நெருப்பைச் சட்டியில் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமாக ஏறிப்போய், அங்கே எங்கள் சாமியாக நிற்கிற மொட்டையாண்டி கல்லுக்கு முன்னால் பெண்ணின் கைக்கு அந்த நெருப்பில் சூடு காட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சூட்டில் இனி உனக்கும் பங்கு என்று அர்த்தம். காலை வெயில் இறங்கி வந்து கல்லின் பாதத்தைத் தொடுவதற்குள் சூடு காட்ட ஆள் இல்லையென்றால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி, யார் காலில் விழுந்தாலும் ஒட்டாது.

அங்குத்துரைக்கு முதலில் பேசிய பெண் அப்படித்தான் போனாள். போகிற வழியில் ஒரு டூரிஸ்டின் தொப்பி காற்றில் பறந்தது என்று அதைத் துரத்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டான். இரண்டாவது பெண்ணுக்கு நேரத்தோடு போனான். ஆனால் வழியில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு புதுமணத் தம்பதிக்கு நெருப்பை அள்ளிக் கொடுத்துவிட்டு, வெறும் சாம்பல் சட்டியோடு போய்ச் சிரித்துக்கொண்டு நின்றான். இது மூன்றாவது. இதுவும் தவறினால் அவனுக்காகப் பெண் கேட்டு இனி எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெண்ணின் பெயர் பவளக்கொடி. கடம்பன்குடிசை அங்கன்வாடியில் வேலை. எத்தனை பிள்ளைகள் முட்டை சாப்பிட்டன என்று தினமும் மேலிடத்துக்குப் போனில் அனுப்ப வேண்டும். டவர் கிடைப்பது உச்சியில் மட்டும்தான் என்பதால் தினமும் ஏறுவாள், இவனும் ஏறுவான், முட்டையில் ஆரம்பித்த பேச்சு இவ்வளவு தூரம் வந்தது. அவள் தங்கமானவள். அவள் அப்பா மூக்கையாதான் தொட்டாற்சுருங்கி. தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு சொந்தக் கல்யாணத்துக்கே போகமாட்டேன் என்று காட்டில் போய் உட்கார்ந்தவர். அவருக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. தாலியில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும். அந்த ஒரு முடிச்சுக்காக என் விரல்கள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை பெண்ணழைப்பு என்று நாள் குறித்திருந்த நேரத்தில்தான் இந்தப் பாதை வந்து என் கடையில் உட்கார்ந்துகொண்டது.

முதல் ஓரிரு நாள் ஊருக்கே அது பெருமையாக இருந்தது. குளிரில் அது நடுங்கியபோது வீட்டுக்கு வீடு கம்பளி கொண்டுவந்து போர்த்தினார்கள். நீளமான உடம்பு என்பதால் கம்பளி போதாமல் சாக்கும் ஜமுக்காளமும் வந்தன. குப்பை போடாதீர் பலகைக்கு யாரோ குரங்குக் குல்லாய் மாட்டிவிட்டார்கள். வாங்க என்று சொல்வதா, வா என்று சொல்வதா என்று கொஞ்சம் தகராறு நடந்தது. ஊரிலேயே தனக்குத்தான் வயது அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்த சுருளியப்பன், தன் தாத்தாவின் தாத்தாவையே இந்தப் பாதை பார்த்திருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு, வாங்க என்றே சொல்லலாம் என்று மனமில்லாமல் தீர்ப்புச் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், அது சுருண்டு கிடந்த இடம் என் கடை வாசல். கடைக்கு வர வேண்டுமானால் பாதைமேல் நடந்துதான் வர வேண்டும். பாதைமேல் நடந்தால் மலை முழுக்க நடந்தாக வேண்டும். எதிர்வீட்டிலிருந்து காலைக் காப்பிக்குப் புறப்பட்ட சுருளியப்பன், சுற்றிச் சுற்றி ஏறி, வழியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறி, திரும்பச் சுற்றிச் சுற்றி இறங்கி, மீசையெல்லாம் பனி பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தார்.

“என்னாத்தா இது, எதுத்த கடைக்கு வாரதுக்குள்ள முழங்கால் கழண்டு போச்சு.”

“மலை ஏறி எறங்கிட்டு வந்துருக்கீங்க பெரியதனம், சும்மாவா?”

தாண்டிக் குதித்து வந்தால் என்ன என்று கேட்காதீர்கள். படுத்திருக்கிற ஒருவரைத் தாண்டலாமா? அதுவும் விருந்தாளியை? வந்து சேர்ந்தவர்களுக்கெல்லாம் அகோரப் பசி என்பதால் என் வடையும் பஜ்ஜியும் போட்ட வேகத்தில் தீர்ந்தன. கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு ஊன்றுகோலோடு, பனிமூட்டத்தில் தலையைக் குனிந்தபடியே நடந்துகொண்டிருந்ததால், தாங்கள் ஊருக்குள் வந்துவிட்டதைக் கவனிக்கவே இல்லை. அவர்களுக்குத் தலைவன் நிர்மல் என்று ஒரு பையன். சுருளின் நடுவில் வந்து நிமிர்ந்து என் பஜ்ஜிச் சட்டியைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, உச்சி எங்க இருக்குங்க?”

“உச்சி வரல தம்பி, பாதைதான் வந்துருக்கு. ஒக்காரு, சூடா வாழைக்காய் இருக்கு.”

இப்படி வசதியான மலையேற்றம் வாழ்க்கையில் செய்ததே இல்லை என்று சொல்லி, லீவை நீட்டித்துக்கொண்டு, தினமும் காலையில் என் வாசலிலேயே மலையேறினார்கள்.

மேலே மலையோ, வகிடு கலைந்த தலைமாதிரி, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றது. பாதை இல்லாத மலைக்கு ஏறி வருகிறவனை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை. சுருளியப்பன் அரிவாளும் ஆட்களுமாகச் செடியை வெட்டிக்கொண்டு அரைநாள் ஏறி, உச்சி வந்துவிட்டது என்று ஒரு புதரை விலக்கினால், தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்பக்கம் வந்திருந்தார். மறுநாள் இன்னும் கவனமாக ஏறி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தார். உச்சிக்குப் போகாமல் டவர் கிடையாது, டவர் இல்லாமல் கடம்பன்குடிசைக்குச் சேதி சொல்ல வழி கிடையாது. ரோடு வழியாகச் சுற்றிப் போகலாமே என்றால், கீழ்நாட்டுக்கு இறங்கித் திரும்ப ஏறிவரும் பெண்ணை மொட்டையாண்டி பார்க்க முடியாது. அவர் பார்க்காத கல்யாணத்தை எங்கள் இரண்டு ஊரும் கல்யாணமாகச் சேர்ப்பதில்லை.

ஆக, பாதை கிளம்பியாக வேண்டும். கிளம்பு என்று சொல்லவும் முடியாது. ஒரு விருந்தாளியை வாயால் சொல்லாமல் கிளப்புவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்த்தோம். நான் அதன் பக்கத்திலேயே நின்று கொட்டாவி விட்டேன். அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினேன். சுருளியப்பன் வானத்தைப் பார்த்து, “மலையில நல்லா வெயில் அடிக்குதுபோல, இப்பப் போறவங்களுக்கு நல்ல சொகமா இருக்கும்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். மோர் ஊற்றினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம் தெரியாதவர் உண்டா? பாதை மோரைக் குடித்துவிட்டு அடுத்த வேளைக்காகக் காத்திருந்தது. வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தோம், அதுதான் கடைசி அஸ்திரம். மென்று தின்றுவிட்டுக் கூழாங்கல்லைச் சுண்ணாம்பு டப்பா பக்கம் உருட்டியது.

உட்கார்ந்து சாப்பிட்டதில் அதற்கு உடம்பும் போட்டுவிட்டது. ஒற்றையடிப் பாதையாக வந்தது, இரண்டு பேர் கை கோத்து நடக்கலாம் என்கிற அளவுக்கு அகலமாகி, ஒரு ஜீப்புக்காரன் வந்து அதை ஆசையாகப் பார்த்துவிட்டுப் போனான். இன்னும் கொஞ்ச நாள் சுக்குக் காப்பி கொடுத்தால் தார்ரோடாகவே ஆகிவிடும் என்று ஊரே பயந்தது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடிந்ததும் அங்குத்துரை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, என் அடுப்பிலிருந்து நெருப்பை அள்ளிச் சட்டியில் போட்டான்.

“எங்கடா கெளம்புற?”

“பாதை இல்லாட்டி என்னக்கா, ஏறிப் பாக்குறேன்.”

“மாட்டுக்கொட்டகையில போயி நிப்ப.”

“நின்னா நிக்கிறேன். அங்க பவளக்கொடி நெனப்பா இல்ல, இவன் மூணாவது தடவையும் வரலன்னு.”

“இத எந்திரிச்சுப் போகச் சொல்றத விட்டுட்டு...”

“நாந்தான கூப்ட்டேன். கூப்ட்ட வாயாலயே எப்படிக்கா போகச் சொல்லுவேன்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவன் நல்லவனாக இருந்து இருந்து நான் கெட்டவளானதுதான் மிச்சம் என்று தோன்றியது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பாதைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன். பூண்டு போனால் போகட்டும், கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன். ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. சுருளியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், நான் கேட்பது காதில் விழுந்தால் அவர் தோட்டத்துப் பூண்டுக்கும் ஆகாது என்று.

அப்போதுதான் பாதையின் மூன்றாவது சுற்றில், கம்பளி விலகிய இடத்தில், அந்த உடைந்த படிக்கல் என் கண்ணில் பட்டது. எங்கள் அம்மா கடம்பன்குடிசைப் பெண். கல்யாணப் பெண்ணாக மலை தாண்டி வந்தபோது அந்தக் கல்லில்தான் தடுக்கி விழுந்தாளாம். விழுந்தவள் அழாமல் சிரித்தாளாம். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இவளோடு காலம் தள்ளிவிடலாம் என்று நம்பிக்கை வந்ததாம். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. எங்களுக்குத் தாய்மாமன் இல்லை. அம்மா பிறந்த ஊரிலிருந்து அம்மாவோடு கூட வந்தது என்று ஒன்று உண்டென்றால், அது இந்தப் பாதை மட்டும்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து, கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது ஜரிகைத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். குல்லாய் போட்ட பலகையின் தோளில் துண்டைப் போட்டு, தட்டைக் கீழே வைத்துக் கும்பிட்டேன்.

“மாமா, விருந்தாளின்னு நெனச்சு உங்கள இம்புட்டு நாளா சும்மா ஒக்கார வச்சுட்டோம். தப்பு எங்க மேலதான். கல்யாண வீட்டுல தாய்மாமன் ஒக்காரலாமா? பொண்ண அழைச்சுட்டு வரணும். நீங்க போயி நின்னாத்தான் அந்த மூக்கையா அடங்குவாரு.”

நீங்களும் கல்யாண வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மாமனிடம் போய், நீங்கள் இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன நடக்கும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து எல்லாரையும் விரட்ட ஆரம்பித்துவிடுவார். பாதையும் எழுந்தது. கம்பளியையும் சாக்கையும் ஜமுக்காளத்தையும் ஒரே உதறலில் உதறியது. குல்லாய் ஒருபக்கம் சரிய, ஜரிகைத் துண்டு பறக்க, நுனியைப் பிடித்து உதறிய பாய்மாதிரி மலைமேல் விரிந்து ஏற ஆரம்பித்தது. அதன்மேல் நெருப்புச் சட்டியோடு அங்குத்துரை, சுருக்குப்பையில் தாலியோடு நான், ஒரு காலை மட்டும் வைத்திருந்த சுருளியப்பன், அன்றைய மலையேற்றத்தைத் தொடங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேர்.

பூண்டுத் தோட்டம் போனது, சவுக்குக் காடு போனது, சோலைக்காடு இருட்டாக வந்து வெளிச்சமாகப் போனது, அதற்கு மேலே பனி பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்த புல்வெளி எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்களுக்குக் கீழே போயிற்று. என் செருப்பு ஒன்று சோலையிலும் ஒன்று புல்வெளியிலுமாகப் பறந்துவிட்டது. எங்களை உச்சியில் நிறுத்திவிட்டு, பாதை ஒரு நொடிகூட நிற்காமல், அவசரத்தில் இருக்கிற மாமன்கள் போவதுபோலவே, தலையை மட்டும் அந்தப் பக்கம் கவிழ்த்து இறங்கிப் போனது.

அங்குத்துரை சட்டியைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வந்த வேகத்தில் அடித்த காற்றுக்கு நெருப்பு மொத்தமும் அணைந்து, சட்டியில் சாம்பல்தான் இருந்தது.

“அக்கா, இந்தத் தடவை நான் யாருக்கும் குடுக்கலக்கா.”

“தெரியுதுடா.”

ஐந்து பேரும் பையையெல்லாம் கவிழ்த்துத் தேடினார்கள். பாதாம் பருப்பு இருந்தது, விசில் இருந்தது, காலுக்குப் போடும் களிம்பு இருந்தது, தீப்பெட்டி மட்டும் இல்லை. இருந்தாலும் என்ன? வேறு நெருப்பு செல்லாது. எங்கள் வீட்டு அடுப்பு நெருப்பாக இருக்க வேண்டும். கால் வைத்தால் புல் அப்பளம்போல நொறுங்கியது. காது வலித்தது. மொட்டையாண்டி கல்லின் நெற்றியில் இருந்த வெயில் மூக்குக்கு இறங்கி, மூக்கிலிருந்து மார்புக்கு வந்தது. நான் வேண்டாத தெய்வம் இல்லை.

பெண்வீட்டாரைப் பாதை கொண்டுவந்து சேர்த்தது. கிடைத்தவர்களைக் கிடைத்த கோலத்தில் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. மூக்கையா சவரம் பாதியில் நிற்க, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு, கையில் குவளையோடு நின்றார். பவளக்கொடி கூறைப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மடியில் போனை வைத்திருந்தாள். உச்சியைத் தொட்டதும், இத்தனை நாளாகப் போகாமல் கிடந்த முட்டைக் கணக்கெல்லாம் டிங் டிங் என்று போக ஆரம்பித்தது.

“ஏன் இத்தனை நாளா வரல?” என்றாள் அங்குத்துரையிடம்.

“பாதை எங்க வீட்டுல இருந்துச்சு.”

“அதான பாத்தேன், எங்க ஊருல தேடாத எடம் இல்ல.”

மூக்கையா நுரையைத் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் கெடக்கட்டும். நெருப்பு எங்க?”

அங்குத்துரை சட்டியை நீட்டினான். மூக்கையா எட்டிப் பார்த்தார். எதிர்பார்த்த காரணம் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் பரவியது.

“சாம்பலு! இந்தப் பயல பத்தி ஊரே சொல்லுச்சு, நாந்தான் நம்பல. வா தாயி, போவோம்.”

வெயில் கல்லின் முழங்காலுக்கு வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவன் காலமெல்லாம் யார் யாருக்கோ வழி காட்டிக்கொண்டு, யார் யாருக்கோ நெருப்பைக் கொடுத்துக்கொண்டு, கடைசியில் இந்தச் சாம்பல் சட்டியோடு தனியாக நிற்கப்போகிறானே. தலையைக் குனிந்து என் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத வெறுங்கால். சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்க, பாதைமேல் நின்ற என் உள்ளங்கால் மட்டும் கதகதவென்று இருந்தது. பாதைமேல் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை.

“சம்பந்தி,” என்றேன், “செருப்பக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க!”

என் குரலுக்குப் பயந்து கழற்றினார். பாதைமேல் கால் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இரண்டு காலையும் வைத்தார்.

“என்ன சூடு இது?”

“எங்க வீட்டு அடுப்புச் சூடு. இம்புட்டு நாளா எங்க அடுப்பு முன்னாடிதான் ஒக்காந்துருந்தாரு எங்க மாமா. நெருப்பு சட்டியில வந்தா என்ன, மாமா ஒடம்புல வந்தா என்ன?”

பவளக்கொடி குனிந்து இரண்டு உள்ளங்கையையும் பாதைமேல் வைத்தாள். சின்னப் பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எப்பா, சுக்கு வாசம்கூட வருதுப்பா.”

மூக்கையா மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அதற்குள் சூடு முழங்கால் வரை ஏறிவிட்டது போலிருக்கிறது, உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், பனி விழுந்த நாளிலிருந்து விறைத்துக் கிடந்த முதுகைச் சொல்லி ஒரு முனகல் முனகிவிட்டு, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவர் முகத்தில் நிம்மதியை அப்போதுதான் பார்த்தேன்.

“மதினி,” என்றாள் பவளக்கொடி என் காதோடு, “தாலி கையில இருக்கா? எங்கப்பா எந்திரிக்கிறதுக்குள்ள கட்டச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வருகிற மருமகள் என்றால் இவளல்லவா. வெயில் பாதத்தைத் தொடுமுன் மொட்டையாண்டி கல்லுக்கு முன்னால் அங்குத்துரை தாலியைக் கட்டினான், இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்தேன். இத்தனை வருஷம் காத்திருந்த விரல்கள் குளிரில் கட்டையாகிவிட்டன, கயிறு வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து பாதைமேல் கையை வைத்தேன். எந்த அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேனோ அந்த அடுப்பின் சூடு, எந்தக் காப்பியை முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினேனோ அந்தக் காப்பியின் சூடு, எல்லாம் என் விரலுக்கு மெதுவாகத் திரும்பி வந்தது. மூன்றாவது முடிச்சைப் போட்டேன். அம்மா இருந்து பார்க்கவில்லையே என்று அழுதேன், நான் இருந்து பார்க்கிறேனே என்று சிரித்தேன். அட்சதைக்கு அரிசி இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் புல்லில் இருந்த பனியைக் கை நிறைய வழித்து வழித்துப் போட்டார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் தும்மிக்கொண்டே கை கோத்துக்கொண்டார்கள்.

மாமன் தன் பழைய இடத்தில், பழைய வளைவுகளோடு, கொஞ்சம் தடித்த உடம்போடு மலையில் நீளமாகப் படுத்துக்கொண்டது. நாங்கள் எல்லாரும் அதன்மேல் முறையாக நடந்தே இறங்கினோம். மூக்கையா மட்டும் வெறுங்காலோடு நடந்தார், செருப்பைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு. உடைந்த படிக்கல் வந்தபோது பவளக்கொடி தடுக்கி விழப்பார்த்தாள், அங்குத்துரை பிடித்துக்கொண்டான், அவள் சிரித்தாள். நான் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கடைசிக் கல்லைத் தாண்டி ஊர் மண்ணில் கால் வைத்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேளக்காரர் ஆயத்தமாக நின்றார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. பாதை கடையில் கிடந்தபோதே ஊர் ஒன்றுகூடி அப்படித்தான் முடிவு செய்திருந்தது. புதுப்பெண்ணுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல குடும்பத்தில் வளர்ந்த பெண், பெரியவர்கள் மனம் கோணாமல் நடக்கத் தெரிந்த பெண். ஊர் எல்லையில் நின்று, திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள். சுருளியப்பன் அவள் வாயைப் பொத்துவதற்காக வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். வயதான கால், பாதி வழியில் வழுக்கிவிட்டது.

“மாமா, இம்புட்டுத் தூரம் கூட வந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி? நீங்களும் வாங்க. மதினி கடையில ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

மேளக்காரர் அடிக்க எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டார். எங்கள் காலடியில் ஒரு கூழாங்கல் உருண்டு வந்து, என்னைத் தாண்டி, கடைப் பக்கமாகப் போனது.

தாய்மாமன் இல்லையா? முன்னால் ஓடிப்போய், இருப்பதிலேயே பெரிய பானையாக எடுத்து அடுப்பில் வைத்தேன்.